எண்ணூர் டூ ஓசூர்: சம்பளம் கூடுது... கையில் மிச்சமாகுமா? ஊர் மாறும் முன் போட வேண்டிய கணக்கு!

"மாசம் 8,000 ரூபாய் கூடுதல் சம்பளம். ஓசூர்ல வேலை. ஒரு வாரத்துல பதில் சொல்லணும்."

திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ இருக்கும் ஒரு வீட்டுக்கு இப்படி ஒரு போன் வந்தால், அன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் முதலில் வரும் கேள்வி, "அங்க செலவு எவ்ளோ ஆகும்?" என்பதுதான். உடனே செல்போனில் தேடிப் பார்ப்பார்கள். ஓசூரில் இருக்கும் சொந்தக்காரருக்குப் போன் போடுவார்கள். "இங்க எல்லாம் சீப் தான், வா" என்பார் ஒருவர். "வாடகையே பாதி சம்பளத்தை முழுங்கிடும்" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஏனென்றால் ஊருக்கு ஊர் விலை மாறுவதைவிட, வீட்டுக்கு வீடு கணக்கு மாறுவதுதான் அதிகம். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது? விரிவாகப் பார்த்துடலாம்.

ஏன் ஓசூர்?

வடசென்னையின் தொழிற்சாலை வாழ்க்கை நீண்ட வரலாறு கொண்டது. தீப்பெட்டி கம்பெனியின் பெயரே ஒரு பகுதிக்கு விம்கோ நகர் என்று நிலைத்துவிட்டது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 1955-ல் பெயர் மாறிய அசோக் லேலண்டின் முதல் முகவரி எண்ணூர். ராயல் என்ஃபீல்டு 1955-ல் திருவொற்றியூரில் தொடங்கியது.

அதன்பிறகு வேலை வேறு திசைகளுக்கும் நகர்ந்தது. 1980-ல் அசோக் லேலண்டு ஓசூரில் ஆலை தொடங்கியது. ராயல் என்ஃபீல்டு 2013-ல் ஒரகடத்திலும், 2017-ல் வல்லம் வடகாலிலும் புது ஆலைகளைத் திறந்தது. ஓசூரில் சிப்காட் வந்த பிறகு டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசை கட்டின. சமீப ஆண்டுகளில் டாடா எலெக்ட்ரானிக்ஸும் அந்தப் பகுதிக்கு வந்துள்ளது. 2019-ல் ஓசூர் மாநகராட்சியாகவும் ஆனது.

அதனால் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த வடசென்னை இளைஞர்களுக்கு ஓசூர் புது ஊர் இல்லை. தெருவுக்கு ஒருவர் அங்கே போயிருப்பார். சென்னையில் இருந்து சுமார் 300 கிலோமீட்டர். தினமும் போய்வர முடியாது. போனால் குடித்தனத்தோடுதான் போக வேண்டும். அங்கேதான் செலவுக் கணக்கு தொடங்குகிறது.

நெட்டில் போட்டுப் பார்த்தால் போதாதா?

இரண்டு ஊரின் பெயரைப் போட்டால், 'இந்த ஊரைவிட அந்த ஊர் இத்தனை சதவீதம் மலிவு' என்று சொல்லும் இணையதளங்கள் இருக்கின்றன. நம்பியோ அதில் பிரபலமானது. நியூயார்க்கை 100 என்று வைத்து மற்ற ஊர்களை அளக்கிறது. பயன்படுத்துபவர்களே பதிவிடும் விலைகளை வைத்துதான் கணக்கு.

இதில் சிக்கல் என்ன? அந்தக் கூடையில் கப்புசினோ இருக்கிறது, ஜிம் கட்டணம் இருக்கிறது. ரேஷன் பாமாயில் இல்லை. மகளிர் இலவச பஸ் இல்லை. காசிமேட்டில் காலையில் வாங்கும் மீன் இல்லை. அதோடு 'சென்னை' என்றால் ஒரே சென்னைதான். அடையாறு வாடகையும் எண்ணூர் வாடகையும் ஒரே சராசரியில் கலந்துவிடும். எந்தச் சராசரி உங்கள் வீட்டை அளக்கவே இல்லையோ, அதை வைத்து வீட்டை மாற்றக் கூடாது.

அரசு புள்ளிவிவரம் இன்னொரு பாடம் சொல்கிறது. மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, தமிழ்நாட்டு நகர்ப்புறத்தில் ஒருவருக்கு மாதச் செலவு 8,165 ரூபாய். கர்நாடக நகர்ப்புறத்தில் 8,076 ரூபாய். வித்தியாசம் 100 ரூபாய்கூட இல்லை. இதைப் பார்த்து பெங்களூருவும் சென்னையும் ஒரே செலவு என்று யாராவது நம்புவார்களா?

அதே ஆய்வில், இந்திய நகர்ப்புறக் குடும்பச் செலவில் உணவுக்குச் சுமார் 40% போகிறது. வாடகைக்குப் போவது 7 சதவீதத்துக்கும் குறைவு. வாடகை இவ்வளவு குறைவாகத் தெரியக் காரணம் எளிது. சொந்த வீட்டில் இருப்பவர்களின் பூஜ்ஜியமும் சேர்ந்த சராசரி அது. வாடகைக்கு இருப்பவருக்குத் தெரியும், 1-ம் தேதி கையை விட்டுப் போவது எத்தனை சதவீதம் என்று.

விலைவாசி குறியீடு குறைவு என்றால் ஊர் மலிவா?

இல்லை. பலரும் தடுமாறும் இடம் இது. மத்திய தொழிலாளர் பணியகம், தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை ஊர்வாரியாக மாதந்தோறும் வெளியிடுகிறது. தற்போதைய வரிசையில் 2016-ம் ஆண்டு விலை 100 என்று வைக்கப்பட்டுள்ளது. பல ஆலைகளில் பஞ்சப்படி இந்தக் குறியீட்டை ஒட்டித்தான் ஏறுகிறது.

ஆனால் அந்த எண், அதே ஊரில் அன்றைக்கும் இன்றைக்கும் விலை எவ்வளவு ஏறியது என்பதை மட்டுமே சொல்லும். ஒரு உதாரணம் பாருங்க.

ஊர் அ: 2016-ல் வாடகை 4,000. இப்போது 6,000. குறியீடு 150.
ஊர் ஆ: 2016-ல் வாடகை 8,000. இப்போது 10,400. குறியீடு 130.

குறியீடு குறைவாக இருக்கும் ஊரில்தான் வாடகை 4,400 ரூபாய் அதிகம். எனவே 'அந்த ஊர் இண்டெக்ஸ் கம்மி' என்று யாராவது சொன்னால், அதை வைத்து லாரி பிடித்துவிட வேண்டாம்.

சரி, எதை ஒப்பிடுவது?

அரிசி, பருப்பு, சோப்பு, செல்போன் ரீசார்ஜ் ஆகியவற்றில் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் வராது. தொழில் வரியும் அப்படித்தான். எந்த மாநிலமானாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்தான் உச்சவரம்பு. இவற்றில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. கணக்கைப் புரட்டிப் போடுவது கீழே இருக்கும் ஏழு விஷயங்கள்தான்.

1. வாடகை: இப்போ நீங்க கொடுக்கிறீங்களா, இல்லையா?

ஓசூரில் வாடகை எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, இப்போது நீங்கள் வாடகை கொடுக்கிறீர்களா என்பது.

வடசென்னையில் அப்பா காலத்து வீட்டில், மாடியில் ஒரு அறை கட்டிக்கொண்டு அண்ணன் தம்பி சேர்ந்து இருக்கும் குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டில் மாச வாடகை பூஜ்ஜியம். ஊர் மாறினால் முதல்முறையாக வாடகை என்ற செலவே புதிதாக முளைக்கும். ஏற்கெனவே வாடகையில் இருப்பவருக்கு, பழைய வாடகைக்கும் புது வாடகைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் செலவு. ஒரே வேலை வாய்ப்பு ஒருவருக்கு லாபமாகவும் பக்கத்து வீட்டுக்காரருக்கு நஷ்டமாகவும் ஆவது இங்கேதான்.

அட்வான்ஸையும் சேர்த்துக் கேளுங்க. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. 'ஒப்புக்கொள்ளாவிட்டால்' என்ற வார்த்தைதான் முக்கியம். கையெழுத்துப் போட்டுவிட்டால் போட்டதுதான். பெங்களூரு பக்கம் 10 மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் நீண்ட நாளாக உண்டு. எல்லைக்கு அருகில் வீடு தேடும்போது இதையும் மனதில் வைக்கவும். அட்வான்ஸ் திரும்பி வரும் பணம்தான். ஆனால் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால், அந்த வட்டி மாதச் செலவு.

2. கரன்ட் பில்: மீட்டர் யார் பேரில்?

வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது திருவொற்றியூருக்கும் ஓசூருக்கும் பொதுவானது. ஆனால் வாரிய மீட்டர் தனியாக இருந்தால்தான் அந்தச் சலுகை முழுதாக உங்கள் கைக்கு வரும். ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் இலவசம் உங்களுக்குக் கிடைக்காது. இரண்டு மாதத்தில் 200 யூனிட் செலவு என்றால் வாரியத்தின் பில் சில நூறு ரூபாய்தான். ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் 1,600 ரூபாய். வாடகை 500 ரூபாய் குறைவு என்று சந்தோஷப்படும் முன் மீட்டர் பெட்டியைப் பார்த்துடுங்க.

ஓசூருக்கு ஒரு சாதகமும் உண்டு. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. மே மாத எண்ணூர் புழுக்கத்துக்கு ஏ.சி. போட்டுப் பழகிய வீட்டில் அந்தச் செலவு கணிசமாகக் குறையும்.

3. மீனா, தக்காளியா?

சமையலறைக் கணக்கில் இரண்டு ஊரும் நேர் எதிர். ராயபுரத்துக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரம். காலையில் ஏலம் முடிந்ததும் கூறு போட்ட மீனைக் குறைந்த விலையில் வாங்கி வரலாம். வாரத்தில் மூன்று, நான்கு நாள் மீன் குழம்பு என்பது அந்தப் பக்கம் ஆடம்பரம் இல்லை.

ஓசூரில் கடல் இல்லை. மீன் ஐஸ் பெட்டியில் பயணம் செய்து வர வேண்டும். அதற்குப் பதிலாக, ஓசூர், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி பகுதி காய்கறி விளையும் பூமி. கோயம்பேட்டுக்கே அங்கிருந்து தக்காளி வருகிறது. காய்கறி அதிகம் சமைக்கும் வீட்டுக்கு ஓசூர் லாபம். மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டுக்கு, ஒன்று செலவு கூடும், இல்லை பழக்கம் மாறும்.

தண்ணீரும் சமையலறைச் செலவுதான். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு பிரச்சனை இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பார்க்கும் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வருகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, கேன் வாங்க வேண்டுமா என்று பக்கத்து வீட்டில் கேளுங்க. ஓனரிடம் மட்டும் கேட்டால் போதாது.

4. போக்குவரத்து: இலவச பஸ் வரும் நேரம் என்ன?

திருவொற்றியூருக்குக் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோவும் வந்துவிட்டது. மாத சீசன் டிக்கெட் எடுத்தால் வேலைக்குப் போகும் செலவு மிகவும் குறைவு. ஓசூரில் இப்படி ஊருக்குள் ஓடும் ரயில் கிடையாது. கம்பெனி பஸ் இருந்தால் பிரச்சனை இல்லை. இல்லையென்றால் பைக், பெட்ரோல். கம்பெனி பஸ்ஸுக்குச் சம்பளத்தில் பிடித்தம் உண்டா என்பதையும் கேட்கவும்.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் வந்த இலவசப் பயணம் ஓசூருக்கும் பொருந்தும். ஆனால் டிக்கெட் இலவசமாக இருந்தால் மட்டும் போதாது. ஷிப்ட் நேரத்துக்கு பஸ் வர வேண்டும். வராவிட்டால் ஷேர் ஆட்டோதான்.

5. ஈ.எஸ்.ஐ.: சம்பளம் கூடினால் போகும் சலுகை

பலரும் யோசிக்காத இடம் இது. ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்கான மாத ஊதிய வரம்பு 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய். அதற்குள் இருப்பவரிடம் பிடிப்பது ஊதியத்தில் 0.75%தான். அதற்கு மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் வரை சிகிச்சை கிடைக்கிறது.

புது வேலையில் வரம்பைத் தாண்டிய சம்பளத்தில் சேர்ந்தால் ஈ.எஸ்.ஐ. இல்லை. கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் கொடுக்கிறதா, அதில் அப்பா அம்மா சேர்வார்களா என்று ஆஃபர் லெட்டர் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால் பிரீமியம் உங்கள் செலவு.

ராயபுரத்துக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. ஓசூரில் அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டும். டயாலிசிஸ், இதய நோய் என்று தொடர் சிகிச்சையில் ஒருவர் இருக்கும் வீடு, மற்ற எதற்கும் முன்னால் இதைப் பார்க்க வேண்டும்.

வருமானம் கூடினால் கைவிட்டுப் போகும் இன்னொன்று, மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது வைத்த நிபந்தனை, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. மாதக் கணக்கில் அது 21,000 ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவு.

6. மனைவியின் வருமானம்

'சம்பளம் 8,000 கூடுது' என்று சொல்லும்போது ஒருவர் சம்பளத்தை மட்டும்தான் பேசுகிறோம். வீட்டில் இரண்டாவது வருமானம் இருந்தால், ஊர் மாறிய அன்றே அது நின்றுபோகும். துணிக்கடை வேலை, தையல், இட்லிக்கடை, மீன் வியாபாரம் எதுவாக இருந்தாலும் வாடிக்கையாளர்கள் லாரியில் ஏறி வர மாட்டார்கள். ஓசூரில் பெண்களுக்கு ஆலை வேலைகள் இருக்கின்றன. ஆனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாமியார் கூட வருகிறாரா என்பதைப் பொறுத்துதான் அந்த வேலைக்குப் போக முடியும்.

7. எல்லைக்கோடு: ஓசூரா, அத்திப்பள்ளியா?

ஓசூரைத் தாண்டினால் சில கிலோமீட்டரில் அத்திப்பள்ளி, கர்நாடகா. பெங்களூரு பக்கம் வேலை கிடைத்தவர்கள் 'அந்தப் பக்கமே வீடு எடுத்துடலாம்' என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தச் சில கிலோமீட்டரில் மாறுவது வாடகை மட்டும் இல்லை.

* ரேஷன்: தமிழ்நாட்டுக்குள் எங்கே மாறினாலும் இலவச அரிசி, 30 ரூபாய் துவரம்பருப்பு, 25 ரூபாய் பாமாயில் தொடரும். முகவரியை மாற்றினால் போதும். எல்லை தாண்டினால் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் முன்னுரிமை அட்டைதாரர்களுக்கு மட்டுமே தானியம் கிடைக்கும். தமிழ்நாட்டுப் பருப்பும் எண்ணெயும் அங்கே கிடைக்காது.

* பஸ்: கர்நாடகாவில் 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டம் அந்த மாநிலப் பெண்களுக்குத்தான். தமிழ்நாட்டு முகவரி ஆதாரைக் காட்டினால் டிக்கெட் எடுக்க வேண்டும்.

* மெட்ரோ: பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. ஆனால் 2025 பிப்ரவரி உயர்வுக்குப் பிறகு அங்கே அதிகபட்சக் கட்டணம் 90 ரூபாய். சென்னை மெட்ரோவில் அது 50 ரூபாய்.

* பைக்: தமிழ்நாட்டுப் பதிவு வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அந்த மாநில வரியும் கட்ட வேண்டும். ஓசூரில் இந்தத் தொல்லை இல்லை.

* பிள்ளைகள் படிப்பு: இதுதான் பெரிது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ம் வகுப்பு வரை படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் அந்த 6 முதல் 12 வரை படிப்பை வைத்துதான். ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளையை எல்லை தாண்டிச் சேர்த்தால், பல வருடம் கழித்துக் கிடைக்க வேண்டியது இன்றே கைவிட்டுப் போகிறது. கர்நாடகப் பள்ளிகளில் கன்னடமும் கட்டாயப் பாடம்.

தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் இலவச இடத்தில் படிக்கும் பிள்ளை என்றால், ஓசூருக்கு மாறினாலும் யோசிக்க வேண்டும். வேறு பள்ளிக்குப் போகும்போது அந்த இடம் கூடவே வராது.

ஒரே வேலை, இரண்டு வீடு: மாதிரிக் கணக்கு

இப்போது எல்லாவற்றையும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். கீழே உள்ளவை புரிந்துகொள்வதற்கான மாதிரி எண்கள். உங்கள் வீட்டு எண்களைப் போட்டுக்கொள்ளுங்க.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கணவர் எண்ணூரில் வேலை. கையில் வரும் சம்பளம் 18,500. மனைவி சம்பாதிப்பது 6,000. வீடு சொந்தம்.

இப்போது திருவொற்றியூரில்:
வரவு: 24,500
வாடகை: 0
சாப்பாடு: 9,500
கரன்ட்: 700
போக்குவரத்து: 1,300
பள்ளி: 2,500
போன், கேபிள்: 1,000
மருத்துவம்: 300
மற்றவை: 4,000
மொத்தச் செலவு: 19,300
மிச்சம்: 5,200

ஓசூரில், கணவர் சம்பளம் மட்டும்:
வரவு: 26,500
வாடகை: 8,000
சாப்பாடு: 9,500
கரன்ட்: 600
போக்குவரத்து: 2,000
பள்ளி: 2,500
போன், கேபிள்: 1,000
மருத்துவம், இன்சூரன்ஸ்: 1,500
ஊருக்குப் போய்வர: 1,500
மற்றவை: 3,500
மொத்தச் செலவு: 30,100
பற்றாக்குறை: 3,600

சம்பளம் 8,000 ரூபாய் கூடியது. வீட்டுக் கணக்கு 8,800 ரூபாய் பின்னால் போனது. இந்தக் குடும்பம் இப்போது இருக்கும் நிலையிலேயே இருக்க வேண்டுமென்றால், ஓசூரில் கையில் வரவேண்டிய சம்பளம் 35,300 ரூபாய்.

இதே வரவு செலவுள்ள பக்கத்து வீட்டுக் குடும்பம் 7,500 ரூபாய் வாடகையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு இங்கேயே மாதம் 2,300 ரூபாய் துண்டு விழுகிறது. ஓசூர் போனால் 3,600. வித்தியாசம் வெறும் 1,300 ரூபாய். அங்கே மனைவிக்கும் 6,000 ரூபாயில் ஒரு வேலை கிடைத்துவிட்டால், 2,400 ரூபாய் மிச்சம். அதாவது மாதம் 4,700 ரூபாய் முன்னேற்றம். சொந்த வீட்டுக் குடும்பத்துக்கோ, மனைவிக்கு வேலை கிடைத்தாலும் இங்கே இருப்பதைவிட 2,800 ரூபாய் குறைவுதான்.

ஒரே தெரு, ஒரே கம்பெனி, ஒரே சம்பளம். விடை மட்டும் வேறு.

ஒருமுறைச் செலவும் உண்டு. சாமான் ஏற்றி இறக்க 12,000, பள்ளிச் சேர்க்கைக்கு 8,000, முதல் மாதத் தட்டுமுட்டுச் செலவு 4,000 என்று வைத்தால் 24,000 ரூபாய். மாதம் 4,700 முன்னேறும் குடும்பம்கூட இதை மீட்க அஞ்சு மாசத்துக்கு மேல் ஆகும். மூன்று மாத அட்வான்ஸ் 24,000 தனி. ஒப்பந்த வேலை ஆறு மாதம்தான் என்றால், இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

'26,500' என்பது கையில் வருவதா?

ஆஃபரில் சொல்லும் தொகையில் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்திருக்கலாம். உங்கள் பங்கு பி.எஃப். பிடித்தம் வேறு. கேன்டீன், பஸ் பிடித்தமும் இருக்கலாம். ஓவர்டைம் சேர்த்துச் சொன்னார்களா, சேர்க்காமலா? "பிடித்தம் எல்லாம் போக மாசம் பேங்க்ல எவ்ளோ விழும்?" என்று நேராகக் கேட்பதில் தப்பில்லை. பழைய பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல், அதே யு.ஏ.என். எண்ணில் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

தாளில் எழுத முடியாத செலவு

வடசென்னையில் இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பைக் ஓட்டும் நேரம், தூசி, புகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. மீனவர்கள் வேலையில்லாமல் கரையில் நின்றார்கள். அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் அமோனியா வாயு கசிந்து, பெரியகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். ஆஸ்துமா இருக்கும் பிள்ளைக்கு மாதாமாதம் வாங்கும் இன்ஹேலர் எந்த இணையதளக் கணக்கிலும் வராது. ஓசூரும் ஆலை ஊர்தான், சிப்காட்டை ஒட்டி வீடு எடுத்தால் அங்கேயும் புகை உண்டு. ஆனால் மூச்சுத் திணறல் காரணமாகவே ஊர் மாற நினைக்கும் குடும்பம், மாதம் ஆயிரம் இரண்டாயிரம் கூடச் செலவானாலும் போகலாம் என்று முடிவெடுப்பதில் நியாயம் இருக்கிறது.

போவதற்கும் அதே போல ஒரு விலை இருக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, அவசரத்துக்கு ஐந்தாயிரம் கைமாற்றாகக் கொடுக்கும் எதிர் வீடு, வருஷக்கணக்காகக் கட்டும் சீட்டு, கடனுக்குச் சாமான் தரும் மளிகைக் கடை. புது ஊரில் இவை எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. அம்மா மட்டும் இங்கே தங்கினால் இரண்டு வீட்டுக் கரன்ட் பில், மாதம் ஒரு தடவை பஸ் டிக்கெட்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

* கடந்த மூன்று மாதச் செலவை முதலில் எழுதுங்க. இப்போது எவ்வளவு செலவாகிறது என்று தெரியாமல் ஒப்பிட முடியாது. யு.பி.ஐ. ஹிஸ்டரியே பாதிக் கணக்கைச் சொல்லிவிடும்.

* வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாமல், வேலை நாளில் ஷிப்ட் நேரத்தில் போங்க. கம்பெனி வாசலில் இருந்து வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அப்போதுதான் தெரியும்.

* வாடகை, மீட்டர், தண்ணீர், முன்பணம், காலி செய்யும்போது பெயின்டிங் பிடித்தம் ஆகிய ஐந்தையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்க.

* முடிந்தால் முதல் இரண்டு, மூன்று மாதம் ஒருவர் மட்டும் போய் அறையில் தங்கிப் பார்க்கலாம். வேலை நிலைக்குமா என்று தெரிந்த பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம்.

* பள்ளி மாற்றம் என்றால் மே மாதம் சரியான நேரம். வருடத்தின் நடுவில் மாறினால் இரண்டு பள்ளிக்கும் பணம் கட்ட வேண்டி வரும்.

* அதே கம்பெனிக்குள் இடமாற்றம் என்றால், இடமாற்றப் படி, சாமான் ஏற்றும் செலவு உண்டா என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்க. புது வேலைக்குச் சேருபவருக்கு இந்த உரிமை பெரும்பாலும் இருக்காது. அதனால் சம்பளம் பேசும்போதே கேட்டுவிட வேண்டும்.

அக்கரைக்கு இக்கரை பச்சை என்பார்கள். ஓசூர் மலிவா, சென்னை மலிவா என்பதற்குப் பொதுவான பதில் இல்லை. 35,300 ரூபாய் என்ற எண் மாதிரிக் குடும்பத்துடையது. உங்கள் வீட்டுக்கான எண் வேறாக இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால், அந்தப் போன் மறுபடி வரும்போது "யோசிச்சு சொல்றேன்" என்று இழுக்க வேண்டியதில்லை. "கையில இவ்ளோ வந்தா வர்றேன்" என்று சொல்லலாம்.